கல்லும் வளையும்

அசையாத ஒன்றைச் சொல்ல எங்களுக்குக் கல்லை விட்டால் வேறு சொல் இல்லை. ஒருத்தர் எதற்கும் இரங்காவிட்டால் கல் நெஞ்சு. எவ்வளவு சொல்லியும் எழும்பாவிட்டால் ‘கல்லு மாதிரி இருக்கிறான்’. பள்ளிக்கூடத்திலும் கிட்டத்தட்ட இதைத்தான் படிச்சம். தீப்பாறை, அடையற்பாறை, உருமாறிய பாறை என மூன்று வகை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு உதாரணம். பரீட்சை முடியக் கல்லும் முடிஞ்சுது.

ஆனால் கல் வளையும். உருகாமல், பொடிப்பொடியாக உடையாமல், திண்மமாக இருந்தபடியே வளையும், மடியும், இழுபட்டு நீளும். இலங்கையின் மத்திய மலைநாடு முழுவதும் அப்படி வளைந்து மடிந்த கல்தான். பாறை வளையும் என்பதை மனிதர் விளங்கிக்கொண்ட கதை ஏறத்தாழ இருநூற்றைம்பது வருசத்துக் கதை. அதில் ஒரு சீலைக் கட்டு வருகிறது, துப்பாக்கிக் குழாய்கள் வருகின்றன, கொழும்பில் பிறந்த ஒரு தமிழர் வருகிறார், கனடாவில் மாபிளை நசுக்கிப் பார்த்த ஒரு பேராசிரியர் கடைசியில் எங்கட தீவுக்கே வந்து சேருகிறார்.

ஒரு தீவு, இரண்டு சுண்ணக்கல்

யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டினவர்களுக்குத் தெரியும், மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல்தான். கீரிமலைக் கேணியைச் சுற்றி இருப்பதும் அதுதான், காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை வந்ததும் அதை நம்பித்தான். மயோசீன் எனப்படும் காலத்தில், இற்றைக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், ஆழமில்லாத கடலுக்கு அடியில் சிப்பியும் பவளமும் சேறும் படிந்து உண்டான கல் அது. படிந்த மாதிரியே கிட்டத்தட்ட மட்டமாகக் கிடக்கிறது. அதை யாரும் பெரிசாக அமுக்கவில்லை, சுடவில்லை.

இப்போது மாத்தளை, திகன, பலாங்கொடைப் பக்கம் போங்கள். அங்கேயும் சுண்ணாம்பு இனக் கல் இருக்கிறது. சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கிறார்கள். டொலமைற் என்ற வகையை அரைத்துத் தேயிலைத் தோட்டங்களின் மண்ணுக்குப் போடுகிறார்கள். ஆனால் அந்தக் கல்லில் சிப்பி ஒன்றும் தெரியாது. சீனிக்கட்டி மாதிரிப் பளபளக்கும் மணிகள்தான் தெரியும். அது மாபிள். அதன் பட்டைகள் மட்டமாகவும் இல்லை, மலைக்குள்ளே சரிந்தும் மடிந்தும் ஓடுகின்றன. வடக்கில் இருக்கிற கல்லின் மிகவும் வயதான, நிறையப் பட்டுத் தேறிய உறவினர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது கல்லின் இனம் இரண்டாவதாக மாற என்ன நடக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடின முதல் ஆட்களில் ஒருவர் ஸ்கொட்லாந்துக்காரர்.

மேசைக்கு வந்த மலை

1669இல் நிக்கலஸ் ஸ்டெனோ என்ற டென்மார்க்கு அறிஞர் ஒரு எளிமையான விதியைச் சொல்லியிருந்தார். தண்ணீரில் படியும் மண் மட்டமாகத்தான் படியும். அப்படியானால் சரிந்தோ வளைந்தோ நிற்கும் பாறைப்படைக்குப் பிறகு ஏதோ நடந்திருக்க வேண்டும். என்ன நடந்தது என்பது நூறு வருசத்துக்கு மேலாகத் தெளிவாகவில்லை.

1788இல் ஜேம்ஸ் ஹட்டன் (எங்கட ஹற்றன் நகரத்துக்கும் இவருக்கும் தொடர்பில்லை) இரண்டு நண்பர்களோடு ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையோரம் படகில் போனார். சிக்கார் பொயின்ற் என்ற இடத்தில் பழைய படைகள் செங்குத்தாக நிற்க, அவற்றின் வெட்டுண்ட தலைகளுக்கு மேல் சிவப்பு மணற்கல் இலேசான சரிவோடு படிந்து கிடந்தது. கீழ்ப்படைகள் படிந்து, நிமிர்ந்து, தேய்ந்த பிறகுதான் மேற்படை வந்திருக்க முடியும். பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகள்தான் என்று நம்பின காலத்தில், அந்தப் பாறை முகம் கணக்கில் அடங்காத காலத்தைக் காட்டியது.

படகில் கூடப்போன இருவரில் ஒருவர் சேர் ஜேம்ஸ் ஹோல். இவருக்குப் பார்ப்பது மட்டும் போதவில்லை, செய்து பார்க்க வேண்டும். ஹட்டனுக்கோ சின்ன உலையில் செய்யும் பரிசோதனையால் பூமியின் பெரிய வேலைகளை அறியலாம் என்பதில் நம்பிக்கை இல்லை. ஹோல் மரியாதைக்காகப் பொறுத்திருந்தார். 1797இல் ஹட்டன் இறந்தார். அடுத்த ஆண்டே ஹோல் உலையை மூட்டினார்.

அவர் எடுத்துக்கொண்ட பிரச்சினைகளில் ஒன்று சுண்ணக்கல். ஆழத்துச் சூட்டில் சுண்ணக்கல் மாபிளாகும் என்பது ஹட்டனின் கருத்து. எதிராளிகள் சிரித்தார்கள். சுண்ணாம்புச் சூளையைப் பார்த்த எவருக்கும் தெரியுமே, சுண்ணக்கல்லைச் சுட்டால் வாயு வெளியேறி நீறத் தயாரான சுண்ணாம்புதான் மிஞ்சும், மாபிள் எப்படி வரும்? ஹோலின் பதில், வாயுவை வெளியேற விடாவிட்டால் வரும் என்பது. சோக்குத் தூளைத் துப்பாக்கிக் குழாய்களுக்குள் இறுக்கி அடைத்துச் சூடாக்கினார். குழாய்கள் வெடித்தன. திரும்பவும் செய்தார். நூற்றுக்கணக்கான முயற்சிகளில் சிலவற்றில், திறந்து பார்த்தபோது தூள் இறுகிப் பளிங்கு மணிகளோடு கல்லாகியிருந்தது. சூளைக்கும் ஆழத்துக்கும் வித்தியாசம் அமுக்கம்தான் என்று காட்டியாயிற்று.

அடுத்தது வளைவு. ஸ்கொட்லாந்தின் அதே கரையோரத்துப் பாறை முகங்களில் படைகள் அலை அலையாக மடிந்து நிற்பதை ஹோல் பார்த்திருந்தார். வீட்டில் இருந்த துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மேசையில் விரித்தார். ஒவ்வொரு துணியும் ஒரு படை. மேலே ஒரு கதவைக் கழற்றி வைத்து அதன்மேல் பாரம் ஏற்றினார். இரண்டு பக்கமும் பலகை வைத்துத் தள்ளினார். துணிகள் மேலும் கீழுமாக மடிந்தன, கரையோரப் பாறையில் கண்ட அதே வடிவம். பிறகு களிமண் படைகளைப் பெட்டிக்குள் வைத்துத் திருகாணியால் நெருக்கியும் பார்த்தார். 1812இல் எடின்பரோ றோயல் சங்கத்தில் வாசித்த இந்தக் கட்டுரை 1815இல் அச்சானது.

ஒரு கதவு, கொஞ்சச் சீலை, இரண்டு பலகை. இவ்வளவையும் வைத்து அவர் சொன்னது: பாறை மடிய மேலே இருந்து அமுக்கினால் மட்டும் காணாது, பக்கவாட்டிலும் நெருக்க வேண்டும். அந்த நெருக்குதல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அவர் சொன்ன காரணம், அதாவது உருகிய பாறை கீழிருந்து உந்திப் புகுவது, இன்றைக்கு நிற்காது. நெருக்கினால் மடியும் என்பது இன்றைக்கும் நிற்கிறது.

கல் நகராது என்ற அதிகாரம்

மடிவதை ஒருவாறு ஏற்றுக்கொண்டார்கள். ஒரு மலைத்தொடரே இன்னொன்றின்மேல் ஏறிக் கிலோமீற்றர் கணக்கில் நகரும் என்பதை ஏற்கப் பெரிய சண்டையே நடந்தது. அதுவும் ஸ்கொட்லாந்தில்தான், வடமேற்கு உயர்நிலத்தில்.

அங்கே புதைபடிவங்கள் உள்ள சுண்ணக்கல்லுக்கு மேலே, நன்றாக உருமாறிய பாறை கிடந்தது. ஸ்டெனோவின் வழியில் பார்த்தால் மேலே இருப்பது இளையது. பிரித்தானியப் புவியியல் ஆய்வுத் திணைக்களத்தின் தலைவர் ரொடெரிக் மேர்ச்சிசன் அப்படித்தான் அறிவித்தார். அபர்தீன் பேராசிரியர் ஜேம்ஸ் நிக்கல் 1861இல் மறுத்தார். இது படிந்த ஒழுங்கு இல்லை, இடையில் பாறை முறிந்து நகர்ந்திருக்கிறது, மேலே கிடப்பதுதான் பழைய பாறை என்றார். ஒரு பக்கம் அரசாங்கத் திணைக்களம், பட்டம், செல்வாக்கு. மறுபக்கம் ஒரு பேராசிரியரும் அவரது களக்குறிப்புகளும். யார் வென்றிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. 1879இல் நிக்கல் இறக்கும்போது அவரது கருத்துத் தோற்ற கருத்தாகவே இருந்தது.

பாடசாலை ஆசிரியராக இருந்து புவியியலுக்கு வந்த சார்ள்ஸ் லாப்வேர்த் 1880களின் தொடக்கத்தில் அந்த நிலத்தை அடி அடியாக வரைந்து பார்த்தார். நிக்கல் சொன்னதன் சாரம் சரி. திணைக்களம் 1883இல் தன் உத்தியோகத்தர் பென் பீச், ஜோன் ஹோர்ன் இருவரையும் அனுப்பியது. மேர்ச்சிசனின் கட்சி சரி என்று அவர்கள் உறுதிசெய்வார்கள் என்பது எதிர்பார்ப்பு. அவர்கள் கண்டது மறுபக்கத்தை. மேர்ச்சிசனை அதுவரை ஆதரித்து வந்த புதுத் தலைவர் ஆர்ச்சிபோல்ட் கெய்க்கி நேரில் போய்ப் பார்த்து, 1884இல் பகிரங்கமாக ஒத்துக்கொண்டார். பழைய பாறை இளைய பாறையின்மேல் பல கிலோமீற்றர் தள்ளுண்டு ஏறியிருந்தது. அங்கே வேலைசெய்த ஹென்றி கடெல் 1880களின் பிற்பகுதியில் ஹோல் மாதிரியே பெட்டிக்குள் படைகளை அடுக்கித் தள்ளி, ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறும் தகடுகளை உண்டாக்கிக் காட்டினார்.

நகர்வு நடந்த தளத்தில் மிக நுண்ணிய மணிகளால் ஆன, கோடு கோடான ஒரு பாறை இருந்தது. லாப்வேர்த் அதற்கு மைலோனைற் என்று பெயர் வைத்தார். ‘ஆலை’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, அதாவது மா அரைபட்ட மாதிரி அரைபட்ட கல். பிற்காலத்தில் நுணுக்குக்காட்டியால் பார்த்தவர்கள் அது பெரும்பாலும் அரைபடவில்லை, மணிகள் உருமாறி உருமாறி ஓடியிருக்கின்றன என்றார்கள். ‘ஓடுதல்’ என்ற சொல்லைக் கல்லுக்குப் பாவிக்க ஆதாரம் தேவைப்பட்டது. அது மொன்றியலில் இருந்து வந்தது.

இரும்புக் குழாய்க்குள் மாபிள்

துணியும் களியும் மென்மையானவை, வளையும்தானே, உண்மையான கல் வளையுமா? ஹோலின் பரிசோதனை இந்தக் கேள்வியைத் தொடவில்லை. மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்தின் புவியியல் பேராசிரியர் பிராங் டோசன் அடம்ஸ், பொறியியல் பேராசிரியர் ஜோன் தோமஸ் நிக்கல்சனோடு சேர்ந்து உண்மையான கல்லையே எடுத்தார். இத்தாலியின் கராராவில் இருந்து வந்த வெள்ளை மாபிள்.

சின்ன உருளைகளாகக் கடைந்த மாபிளை, பீரங்கிக் குழாய் செய்யும் முறையில் உண்டாக்கிய தடித்த இரும்புக் குழாய்க்குள் இடைவெளி இல்லாமல் இறுக்கினார்கள். இரண்டு முனையிலும் உருக்குத் தண்டு வைத்து மிக மெதுவாக அமுக்கினார்கள். சில சாதாரண வெப்பத்தில், சில 300 பாகை செல்சியசில், சில 400 பாகையில். குழாய் நடுவில் பீப்பாய் மாதிரிப் புடைத்தது. குழாயை நெடுக வெட்டித் திறந்தார்கள்.

வெளியில் வைத்து அமுக்கியிருந்தால் அந்த மாபிள் சிதறியிருக்கும். உள்ளே இருந்தது சிதறவில்லை. அதுவும் பீப்பாய் வடிவத்தில் புடைத்து, ஒரே கல்லாக, கெட்டியாக இருந்தது. மெல்லிய சீவலாக்கி நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது மணிகள் தட்டையாகி நீண்டிருந்தன. குளிரில் அமுக்கியதில் மணிகள் கொஞ்சம் நொறுங்கின அடையாளமும் இருந்தது. சூட்டில் அமுக்கியதில் அதுவும் இல்லை. இயற்கையில் மடிந்த மாபிளிலும் அதே தோற்றம்தான். 1901இல் வெளிவந்த அவர்களது கட்டுரை தலைப்பிலேயே மாபிளின் ‘ஓட்டம்’ என்று சொல்லியது.

உருகாமல் எப்படி ஓடும்? பெரிய பாயை இழுத்து நகர்த்துவது கஷ்டம். ஒரு முனையில் சின்னச் சுருக்கம் ஒன்றை உண்டாக்கி அதை மறுமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனால் பாய் இலேசாகக் கொஞ்சம் நகர்ந்துவிடும். பளிங்கு மணிக்குள் அணுக்களின் அடுக்கிலும் இப்படியான சுருக்கங்கள், ஒழுங்குக் குறைகள், இருக்கின்றன. அவை நகர நகர மணி துண்டாகாமல் உருமாறுகிறது. 1934இல் டெய்லர், ஒரோவன், பொலானி என்ற மூவர் தனித்தனியாக இந்த விளக்கத்துக்கு வந்தார்கள். அவர்கள் யோசித்தது முக்கியமாக உலோகத்தைப் பற்றி, கல்லுக்கும் அது பொருந்தியது.

ஆக, ஒரு கல் உடையுமா வளையுமா என்பதைக் கல்லை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. எவ்வளவு சூடு, சுற்றிவர எவ்வளவு அமுக்கம், எவ்வளவு மெதுவாக என்ற மூன்றையும் கேட்க வேண்டும். மெழுகுதிரியைச் சுண்டினால் முறியும். வெக்கையான அறையில் சரித்து வைத்துவிட்டால் நாளடைவில் தானே வளையும். பூமியின் மேல் பத்துப் பதினைந்து கிலோமீற்றரில் பாறை பெரும்பாலும் முறியும். அதற்குக் கீழே சூடும் அமுக்கமும் ஏறஏற மடியும், ஓடும். பிளவும் மடிப்பும் ஒரே நெருக்குதலுக்குக் கல் வேறு வேறு ஆழத்தில் கொடுத்த பதில்கள்.

இலங்கைக்கு வந்த கேள்வி

மொன்றியலில் மாபிள் அமுங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில் ஒரு இளைஞர் இலங்கையின் கற்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். பெயர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றறிஞராகத்தான் எங்களில் பலருக்கு அவரைத் தெரியும். ஆனால் அவர் படித்தது புவியியலும் தாவரவியலும், லண்டனில். 1877இல் கொழும்பில் பிறந்தவர், சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன். 1900இல் இலங்கையின் பாறைகளும் காரீயமும் பற்றியும், 1902இல் இலங்கையின் பளிங்குச் சுண்ணக்கற்கள், அதாவது இந்த மாபிள் பட்டைகள் பற்றியும் லண்டன் புவியியல் சங்க இதழில் எழுதினார். 1903இல் தொடங்கிய இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுக்கு அவரே பணிப்பாளர், வயது இருபத்தைந்து இருபத்தாறு.

இந்த ஆய்வு அறிவுக்காக மட்டும் தொடங்கினதில்லை. காலனி அரசுக்குக் கனிப்பொருள் வேண்டியிருந்தது. 1904இல் அவர் கண்டெடுத்த, தோரியம் நிறைந்த கனிமம் தோரியனைற் என்று பெயர் பெற்றது. அந்தக் காலத்தில் வாயு விளக்கின் மென்திரிக்குத் தோரியம் தேவை, ஆகவே அது பெரிய விசயம். ஆனால் கல்லைத் தேடிக் கிராமம் கிராமமாகப் போன குமாரசுவாமி, இறக்குமதிச் சாமான்களால் நலிந்துகொண்டிருந்த கைவினைஞரையும் கண்டார். 1906இல் பதவியை விட்டார். 1908இல் வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ அந்தப் பயணங்களின் பிள்ளை.

அவருக்குப் பிறகு வந்தவர்களில் ஒருவர் எங்களுக்குத் தெரிந்த ஆள்தான். மாபிளை நசுக்கிப் பார்த்த பிராங் அடம்ஸ், மக்கிலில் இருந்து ஓய்வுபெற்ற பிறகு இலங்கைக்கு வந்து வேலைசெய்து, 1929இல் ‘இலங்கையின் புவியியல்’ என்ற நீண்ட கட்டுரையை வெளியிட்டார். தீவு மூன்று படிகளாக உயர்வதை அவர் விவரித்தது பிறகு பாடப்புத்தகம் வரை வந்தது. ஒரு அங்குலக் கல்லில் செய்து பார்த்ததை இங்கே மலை அளவில் காணக் கிடைத்தது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இன்றைய விளக்கம் 1991 அளவில் உருவானது. அல்பிரட் குரோனர், பி. ஜி. குரே, பி. டபிள்யூ. விதானகே ஆகியோர் தீவின் பழம்பாறைகளை உயர்நிலத் தொகுதி, வன்னித் தொகுதி, விஜயன் தொகுதி, கடுகண்ணாவைத் தொகுதி என நான்காகப் பிரித்தார்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் இந்தப் பிரிப்புக்கு வெளியே, இவற்றுக்கெல்லாம் மிகப் பிந்திய பிள்ளை.

மலைநாட்டின் பெரும்பகுதி உயர்நிலத் தொகுதி. ஒருகாலத்தில் அவற்றில் பல கடலடி மணலும் சேறும் சுண்ணாம்புமாகத்தான் இருந்தன. பிறகு, சுமார் 61 கோடிக்கும் 55 கோடிக்கும் இடைப்பட்ட ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் மோதிக் கொண்டுவானா என்ற பெருநிலம் ஒன்றுசேர்ந்தபோது, இவை முப்பது கிலோமீற்றருக்கும் ஆழத்துக்குத் தள்ளப்பட்டு 800 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடாயின. அடம்ஸ் குழாயின் சூட்டைப்போல் இரண்டு மடங்கு, நேரமோ கோடிக்கணக்கான வருசம். மணல் குவார்ட்சைற்றாகியது, சேறு செம்மணிக்கல் மின்னும் நைஸ் பாறையாகியது, சுண்ணக்கல் மாபிளாகியது. அந்த நாளில் பக்கத்தில் இருந்தவை தென்னிந்தியா, மடகஸ்கார், கிழக்கு அந்தாட்டிக்கா. சென்னைப் பரங்கிமலைக் கல்லை வைத்துத் தோமஸ் ஹொலண்ட் 1893இல் பெயரிட்ட சார்னொக்கைற் எங்கட மலைநாட்டிலும் தாராளமாக இருப்பது அதனால்தான்.

கல்லில் எதைப் பார்ப்பது

கண்டி வீதியிலோ பதுளை வீதியிலோ பாறையை வெட்டின இடங்களில் இதைப் பார்க்கலாம்.

முதலில் கறுப்பும் வெள்ளையுமான வரிகள் தெரியும். இவற்றைப் பழைய சேற்றுப் படைகள் என்று அவசரப்பட்டு நினைக்கக்கூடாது. பல வரிகள் அமுங்கி நீண்டதால் கனிமங்கள் ஒரே பக்கமாக அடுக்குப்பட்டு வந்தவை.

பிறகு மடிப்பு. மேலே குவிந்தால் மேல்மடிப்பு, கீழே குழிந்தால் கீழ்மடிப்பு. ஒரே பாறை முகத்தில் தடித்த படை பெரிய வளைவாகவும் மெல்லிய படை சின்னச் சின்ன நெளிவாகவும் மடிந்திருக்கும். தடித்த போர்வையும் மெல்லிய சீலையும் ஒரே மாதிரிச் சுருங்காததுபோல. கைக்குள் அடங்கும் மடிப்பும் உண்டு, தும்பறை மலைத்தொடரின் அளவுக்குப் பெரிய கீழ்மடிப்பும் உண்டு. வன்மையான குவார்ட்சைற்றும் சார்னொக்கைற்றும் முகடாக நிற்க, மாபிள் கரைந்து பள்ளமாகிறது. மலைநாட்டு முகடுகளும் பள்ளத்தாக்குகளும் வரிசை வரிசையாகப் போவதற்குக் காரணம் இந்த மடிப்புகள்தான்.

சில இடங்களில் மென்மையான பாறைக்குள் வன்மையான படை துண்டு துண்டாகி, கோர்த்த சொசேஜ் மாதிரிக் கிடக்கும். இரண்டும் சேர்ந்து இழுபட்டபோது மென்மையானது ஓடியது, வன்மையானது இடையிடையே மெலிந்து அறுந்தது. பெல்ஜியத்தில் இதைப் பார்த்தவர்கள் ஒருவகை சொசேஜின் பெயரையே வைத்தார்கள். ஒரே சூடு, ஒரே இழுவை, ஆனால் இரண்டு கல்லுக்கு இரண்டு முடிவு.

ஸ்கொட்லாந்துச் சண்டையின் விடை எங்களிடமும் உண்டு. உயர்நிலத் தொகுதி கிழக்கே விஜயன் தொகுதியின்மேல் தள்ளுண்டு ஏறியிருக்கிறது. ஏறின தகட்டின் பெரும்பகுதி பிறகு அரிப்பில் போய்விட்டது. விஜயன் பாறைகளுக்கு நடுவில் தனித்து மிஞ்சின உயர்நிலத் துண்டுகளில் ஒன்று கதிர்காமத்தில் இருக்கிறது. கதிர்காமத்துக் குன்றுகளில் ஏறும் பக்தர்கள், தன் இடத்தைவிட்டு வந்து சேர்ந்த ஒரு கல்லின்மேல்தான் ஏறுகிறார்கள்.

கடைசியாக வெடிப்புகள். மேலே இருந்தது அரிபட, பாறை மெல்ல உயர்ந்து குளிர்ந்தது. ஒருகாலத்தில் ஓடின அதே கல் இப்போது முறியத் தொடங்கியது. போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் காரீயம் கிடைப்பது இப்படியான வெடிப்புகளை நிரப்பின நாளங்களில்தான்.

மடிப்புக்கு மேலே வாழ்கிறவர்கள்

இது பழங்கதை, எங்களுக்கென்ன என்று கேட்டால், சமனலவெவயைக் காட்டலாம். பலாங்கொடைக்குக் கிட்ட வளவை கங்கையை மறித்து 1992இல் முடித்த நீர்மின் அணை அது. அதன் வலப்பக்கக் கரையில் மாபிள் பட்டைகளும், தண்ணீர் கரைத்துத் தோண்டிய துவாரங்களும் இருப்பது கட்டும்போதே அறியப்பட்டிருந்தது. சீமெந்துக் குழம்பு செலுத்தி அடைத்தார்கள். ஆனாலும் நீர் நிரப்பத் தொடங்கிய பிறகு, அதே 1992இல், வலக்கரை வழியே கசிவு வெடித்தது. களிமண் கொட்டி மூடப் பார்த்தார்கள். கசிவு குறைந்தது, நிற்கவில்லை. கசியும் தண்ணீர் கீழே வயல்களுக்குப் போகிறது, அது ஒரு ஆறுதல். சுண்ணக்கல் யாழ்ப்பாணத்தில் மட்டமாகக் கிடந்தாலும் மலைநாட்டில் மடிந்து கிடந்தாலும் தண்ணீருக்கு வழிவிடுகிற குணம் மாறவில்லை. மடிந்திருந்தால் அந்த வழி எந்தப் பக்கம் போகும் என்று கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம், அவ்வளவுதான்.

மண்சரிவும் அப்படி. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடம் தயாரிக்கும்போது சரிவின் கோணம், மேல் மண், நீரோட்டம், நிலப் பாவனை ஆகியவற்றோடு அடிப்பாறையையும் அதன் படைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதையும் பார்க்கிறது. படையும் சரிவும் ஒரே பக்கம் சாய்ந்தால் ஆபத்து ஒரு விதம், எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வேறு விதம். 55 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மடிப்பு, இன்றைக்கு மழைநீர் எந்த வழியாக இறங்கும் என்பதில் பங்கெடுக்கிறது.

ஆனால் பழியைக் கல்லின்மேல் போட்டுவிட முடியாது. 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது, சனத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற எச்சரிக்கை அதற்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. மலையின் நிலைமை தெரிந்திருந்தது. தெரிந்ததைச் செயலாக்க வேண்டிய இடத்தில்தான் எதுவும் நகரவில்லை. மலையகத் தமிழ் மக்களுக்குப் பாதுகாப்பான காணியும் வீடும் வேண்டும் என்ற கோரிக்கைக்கு, உரிமை என்ற காரணத்தோடு புவியியலும் ஒரு காரணத்தைத் தருகிறது.

இந்தக் கதையில் கல் வளைந்ததற்கு ஆதாரம் எப்போதும் வெளியிலேயே கிடந்தது. சிக்கார் பொயின்றின் படைகளை ஹட்டனுக்கு முன்பும் மீனவர்கள் தினமும் பார்த்திருப்பார்கள். நிக்கலின் மலை மேர்ச்சிசனுக்கும் தெரிந்த மலைதான். குறைவாக இருந்தது, கண்டதைக் கண்டபடி ஏற்கிற மனம். கல்லாவது போதுமான சூடும் நெருக்குதலும் நேரமும் கொடுத்தால் வளைந்துவிடும். அலுவலகங்கள் வளைய எவ்வளவு வேண்டும் என்பதை இன்னும் எந்தக் குழாய்க்குள்ளும் வைத்து யாரும் அளக்கவில்லை. அடுத்த முறை மலைநாட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது யன்னல் பக்கம் இருங்கள். வெட்டின பாறையில் வரிகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள். பிறகு அதற்கு மேலே யாருடைய வீடு இருக்கிறது என்றும் பாருங்கள்.